சுவரில் எழுதிய மன்றாட்டு

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபொக் மாவட்டத்தில், ஸ்டூர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாங் மெல்ஃபோர்ட் என்னும் ஊர் உள்ளது. ஊரின் வடகோடியில், சற்றே உயர்ந்த மேட்டில், தூய மூவொரு கடவுளின் பெயரால் அமைந்த பங்கு ஆலயம் நிற்கிறது. இது மறைமாவட்டப் பேராலயமன்று. துறவியர் மடத்தைச் சார்ந்த ஆலயமுமன்று. ஓர் ஊர் மக்கள் தம் வழிபாட்டுக்கெனக் கட்டிக்கொண்ட ஆலயம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள், பழைய ஆலயத்தின் இடத்தில் இது புதுப்பித்து எழுப்பப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் சமய மாற்றத்துக்குப் பின் இன்றுவரை ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்கு ஆலயமாக விளங்குகிறது.

கட்டடக்கலை அறிந்தோர் இவ்வாலயத்தைப் பாராட்டத் தவறுவதில்லை. சுவரைவிடக் கண்ணாடியே மிகுதியோ என்று எண்ணத் தூண்டும் சாளரங்களையும், மெலிந்து உயர்ந்த தூண்களையும், மேற்கிலிருந்து கிழக்கே தடையின்றி ஓடும் நீண்ட கூடத்தையும் அவர்கள் போற்றுகிறார்கள். அந்தப் புகழுரைகள் பொய்யல்ல. எனினும் அவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. இக்கட்டடத்தின் வெளிச்சுவரில் எழுத்துகள் உள்ளன. ஆய்வாளர்கள் அவற்றைக் கட்டுமானக் காலத்தைக் கணிக்கும் சான்றாகவும், சுவருக்கு அழகூட்டும் அணியாகவும் கொண்டு, பின் சாளரங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வெழுத்துகள் சொல்வதைக் கேளாதவரை இவ்வாலயத்தின் கட்டடக்கலை நமக்கு விளங்காது என்பதே என் துணிபு.

முதலில் கல்லைப் பற்றிச் சில சொற்கள். கீழை இங்கிலாந்தில் நல்ல கட்டடக்கல் கிடைப்பதரிது. சுண்ணாம்புப் பாறைப் படுகைகளிலிருந்து கிடைக்கும் சிக்கிமுக்கிக்கல்தான் அங்கே மிகுதி. உருண்டையும் முண்டும் முடிச்சுமான அக்கல்லை அடுக்கிச் சுவரெழுப்புவது எளிதன்று. ஆனால் அதை நறுக்கினால் உள்ளே கருங்கண்ணாடி போன்ற மினுமினுப்பான முகம் தோன்றும். வேற்றிடங்களிலிருந்து விலை கொடுத்துக் கொணர்ந்த வெளிர்நிறக் கல்லைச் சட்டங்களாகவும் வடிவங்களாகவும் செதுக்கி, இடைவெளிகளில் இக்கருங்கல்லின் நறுக்கிய முகத்தைப் பதித்து, இரண்டும் ஒரே மட்டத்தில் அமையுமாறு இழைப்பது அந்நாட்டுக் கொத்தர்களின் தனிக்கலை. எதுவும் புடைத்து நிற்பதில்லை. எதுவும் குழிந்து கிடப்பதில்லை. கையால் தடவினால் ஒரே சுவர். கண்ணால் நோக்கினால் கருமையும் வெண்மையுமாய் ஒரு நெசவு. ஏழ்மையான கல்லைக் கொண்டு செல்வமான சுவரை உண்டாக்கிய அவ்வேலைப்பாட்டிலேயே மெல்ஃபோர்டின் எழுத்துகளும் அமைந்துள்ளன.

மேல்வரிசைச் சாளரங்களை ஒட்டியும், பக்கக் கூடத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டியும், கிழக்கேயுள்ள அன்னை மரியா சிற்றாலயத்தைச் சுற்றியும் அந்த எழுத்து வரிகள் செல்கின்றன. மீண்டும் மீண்டும் வரும் வேண்டுகோள் ஒன்றே: இன்னாருடைய ஆன்மாவுக்காக மன்றாடுங்கள். ராபர்ட் ஸ்பாரோவும் அவர் மனைவி மேரியனும். தாமஸ் கூப்பரும் அவர் மனைவியும். ரோஜர் மோரியெலும் அவருடைய இரு மனைவியரும். லாரன்ஸ் மார்ட்டினும் அவர் குடும்பத்தாரும் என்று பெயர்கள் தொடர்கின்றன. 1481, 1484, 1496 என்று ஆண்டுகளும் குறிக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில், ஏழு வளைவுகளைப் புதுப்பித்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, இவ்வூரின் நல்மனத்தோர் உதவியோடு இது செய்யப்பட்டது என்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. பெயர் பொறிக்குமளவுக்குக் கொடுக்க இயலாதவர்களும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

'உபயம்' என்று நாம் விளக்கிலும் பலகையிலும் பொறிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பங்குப் பணியில் பல்லாண்டு கழித்தவர் எவரும், கொடுத்த தொகையைவிடப் பெரிய எழுத்தில் பெயர் வேண்டுமென்று வாதாடியவர்களைக் கண்டிருப்பார். மெல்ஃபோர்ட் மக்கள் வானுலகிலிருந்து வந்தவர்களல்லர். கம்பளித் துணி வணிகத்தில் ஈட்டிய பொருள் இச்சுவர்களில் நிரம்ப இருக்கிறது. செல்வரின் பெருமிதமும் அதனுடன் சேர்ந்தே இருக்கும். ஆயினும் எழுத்தின் வாசகத்தைக் கூர்ந்து நோக்கினால் மூன்று செய்திகள் என்னைத் தடுத்து நிறுத்துகின்றன.

இவர் கட்டினார் என்று அவ்வரிகள் சொல்வதில்லை என்பது முதல் செய்தி. 'இவருடைய பொருளைக் கொண்டு' என்பதே பெரும்பாலும் வரும் வாய்பாடு. பொருளுக்குரியவர் இறந்துவிட்டார். அவருடைய இறுதி விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பேற்ற நண்பரும் அயலாரும் அப்பொருளை வளைவாகவும் கூரையாகவும் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே பல வளைவுகள் தம் கொடையாளர் கண்ணால் காணாத வளைவுகள். காணாத ஒன்றைப் பற்றிப் பெருமை கொள்வது இயலாததன்று, ஆனால் கடினம்.

வேண்டுகோள்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது அடுத்தது. இலத்தீன் மொழியே வழிபாட்டிலும் கல்லறையிலும் ஆட்சி செய்த காலம் அது. எனினும் அயலானிடம் செபம் கேட்கும்போது அயலானின் மொழியிலேயே கேட்கிறார்கள். 1496ஆம் ஆண்டைத் தாங்கிய அன்னை மரியா சிற்றாலயத்து வரியின் இறுதியில் மட்டும் மொழி மாறுகிறது. அங்கே இலத்தீனில், புகழை அடைவதற்காக இவற்றை நான் வெளிக்காட்டவில்லை, ஆன்மா நினைவுகூரப்படவே செய்தேன், இதற்குக் கிறிஸ்துவே சாட்சி என்னும் பொருள்பட ஓர் உறுதிமொழி பொறிக்கப்பட்டுள்ளது. மனிதரிடம் வேண்டுகோள் தாய்மொழியில். கடவுளிடம் சத்தியம் திருச்சபையின் மொழியில். இன்று நாம் எழுப்பும் 'உபயம்' பற்றிய ஐயத்தை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களே தம்மேல் எழுப்பிக்கொண்டார்கள். சுவரில் பெயரெழுதும்போது உள்ளம் கூசியிருக்கிறது. கூசியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது செய்தி ஒரு பணியாளரைப் பற்றியது. அதே சிற்றாலயத்தின் சுவரில் ரிச்சர்ட் லவ்டே என்பவரின் பெயர் உள்ளது. அவர் ஜான் கிளாப்டன் என்னும் பெருமகனின் வீட்டுப் பணியாளர், பானச்சாலையின் பொறுப்பாளர். அவருடைய பொருளும் கட்டடத்தில் சேர்ந்தது. அவருடைய ஆன்மாவுக்காகவும் மன்றாடுமாறு சுவர் கேட்கிறது. தலைவரின் பெயரும் பணியாளரின் பெயரும் ஒரே அளவான எழுத்தில், ஒரே மட்டத்தில், ஒரே கல்லில் நிற்கின்றன.

இங்கே ஒரு மறுப்பையும் பதிவு செய்வது நேர்மை. நூல் நூற்றவர்களின் பெயரோ, நெய்தவர்களின் பெயரோ அச்சுவரில் தொழிலின் பொருட்டு இடம்பெறவில்லை. மெல்ஃபோர்டுக்கு அருகிலுள்ள லேவன்ஹாமில், 1525ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் வரிக்கு எதிராக வேலையிழந்த நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டெழுந்தார்கள். இத்தகைய ஆலயங்களைக் கட்டிய அதே தொழில்தான் அவர்களையும் பட்டினிக்குத் தள்ளியது. இறந்தோர்க்கான செபத்தைச் சுற்றிப் பணம் சேர்ந்தது என்று சீர்திருத்தவாதிகள் சாடியபோது அவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. திரிதெந்தின் பொதுச்சங்கமே 1563ஆம் ஆண்டு உத்தரிக்கும் தலம் பற்றிய கோட்பாட்டை உறுதிப்படுத்திய அதே ஆணையில், இழிந்த ஆதாயத்தின் வாடை வீசும் வழக்கங்களை விலக்குமாறு ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. நோய் இருந்தது. நோயோடு சேர்த்து உறுப்பையே வெட்டியதுதான் கேள்விக்குரியது.

இனி அந்த ஜான் கிளாப்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவ்வாலயத்தின் உருவாக்கத்தில் முதன்மையானவர் அவர். மெல்ஃபோர்டை அடுத்த கெண்ட்வெல்லில் வாழ்ந்த நிலக்கிழார் குடும்பத்தவர். அரச குலத்தின் இரு கிளைகள் முடிக்காகப் போரிட்ட நாள்களில் அவர் தோற்ற அணியைச் சார்ந்தவர். 1462ஆம் ஆண்டு பிப்ரவரியில், நான்காம் எட்வர்ட் மன்னருக்கு எதிராகச் சதி செய்ததாக ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வேர், அவர் மூத்த மகன் ஆப்ரி, மற்றும் சிலரோடு கிளாப்டனும் சிறைப்பட்டார். தந்தையும் மகனும் இலண்டன் கோட்டையை அடுத்த குன்றில் தலை துண்டிக்கப்பட்டனர். சர் தாமஸ் டடன்ஹாம், வில்லியம் டிரெல், ஜான் மான்ட்கமரி ஆகியோரும் அவ்வாறே. கிளாப்டன் மட்டும் உயிர் தப்பினார். அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து 1497இல் மறைந்தார்.

அன்னை மரியா சிற்றாலயத்து வரியில் அவர் தம் தந்தை, தாய், உறவினர், பிள்ளைகள் அனைவரையும் குறிப்பிட்ட பின், 'ஜான் யார் யாருக்காக மன்றாடக் கடமைப்பட்டிருக்கிறாரோ அந்த ஆன்மாக்கள் அனைத்துக்காகவும்' என்று ஒரு தொடர் வருகிறது. அக்கால மன்றாட்டுகளில் இத்தகைய தொடர் வழக்கமானதே என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் தூக்குமேடையின் நிழலிலிருந்து திரும்பி வந்த ஒருவர் இதைக் கல்லில் பொறிக்கச் செய்யும்போது, வழக்கமான தொடரும் வழக்கமான பொருளோடு நிற்பதில்லை. கொல்லப்பட்ட அரசியல் குற்றவாளிகளின் பெயர்களை வெளிச்சுவரில் எழுதுவது அறிவுடைமையன்று. எழுதாமல் விடுவது நட்புடைமையன்று. பெயரின்றி அனைவரையும் ஏந்திக்கொள்ளும் ஒரு தொடரில் அவர் அவர்களைக் கொண்டுவந்தார் என்று நான் படிக்கிறேன். இது என் வாசிப்பே. கல் இதற்குமேல் சொல்வதில்லை.

வெளியிலிருந்து உள்ளே வருவோம். அந்நாளைய ஆங்கிலேயப் பங்கு ஆலயங்களில் மக்கள் நிற்கும் கூடமும் குருவுக்குரிய பீடப்பகுதியும் பெரும்பாலும் ஒரு பெரிய வளைவால் பிரிக்கப்பட்டிருக்கும். கூடத்தைப் பேணுவது மக்கள் கடமை. பீடப்பகுதியைப் பேணுவது பங்கின் வருவாயைப் பெறுபவர் கடமை. இது 13ஆம் நூற்றாண்டு முதலே ஊன்றிய வழக்கம். மெல்ஃபோர்டில் அந்த வளைவு இல்லை. கூரையும் மேல்வரிசைச் சாளரங்களும் கோடி முதல் கோடிவரை ஒரே ஓட்டமாகச் செல்கின்றன. இதைக் கண்டு இன்றைய எழுத்தாளர்கள் திறந்த வெளி, ஒருமை என்றெல்லாம் வியக்கிறார்கள். கட்டியவர்கள் அந்தத் திறந்த வெளியைக் கண்டதே இல்லை. கல்லால் செய்யாத பிரிவினையை அவர்கள் மரத்தால் செய்திருந்தார்கள். ஆலயத்தின் குறுக்கே பொன்பூசிய ஒரு தடுப்பும், அதன்மேல் ஒரு மாடமும், மாடத்தின்மேல் அறையுண்ட ஆண்டவரின் உருவமும் அருகே அன்னையும் யோவானும் இருந்தனர். கல் ஒன்றாக்கியது, மரம் பிரித்தது, பிரித்த இடத்தில் சிலுவை நின்றது. மரம் அகற்றப்பட்டபின் எஞ்சிய வெறுமையையே நாம் இன்று கட்டடக்கலையின் சாதனை என்று போற்றுகிறோம். இதனைச் சற்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பீடத்தின் வடபுறச் சுவரில் கிளாப்டனின் கல்லறை உள்ளது. மெருகிட்ட கருநிறச் சலவைக்கல்லால் ஆன எளிய பெட்டி. வெளிச்சுவரில் இத்தனை முறை பெயர் பொறித்த மனிதருக்குப் படுத்த நிலையிலான கற்சிலை இல்லை. ஏனெனில் அக்கல்லறையின் மேற்பரப்புக்கு வேறு வேலை இருந்தது. புனித வெள்ளியன்று நற்கருணையைத் துணியால் போர்த்திக் கல்லறையில் வைப்பதும், உயிர்ப்புப் பெருவிழாவின் விடியலில் அதை மகிழ்ச்சியோடு எடுத்துவருவதும் அக்கால வழிபாட்டு மரபு. அதற்குரிய இடமாகத் தம் கல்லறையையே அவர் அமைத்துக்கொடுத்தார். மேலுள்ள வளைவின் உட்புறத்தில் உயிர்த்த கிறிஸ்துவின் ஓவியம். அருகே, தம்மில் வாழ்ந்து நம்பிக்கை கொள்பவர் என்றுமே சாகார் என்று யோவான் நற்செய்தி கூறும் வாக்கு இலத்தீனில். கிளாப்டனின் குடும்பத்தார் முழந்தாளிட்டிருக்கும் சிறு உருவங்களும் அங்கே தீட்டப்பட்டன. ஆண்டுக்கொரு முறை, இரண்டு இரவுகள், ஆண்டவர் அவர்மேல் கிடந்தார். இதைவிட நெருக்கமான ஒரு விண்ணப்பத்தை ஒரு கட்டடம் எழுதிக்காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

இவையெல்லாம் எவ்வாறு இயங்கின என்பதற்கு நமக்கொரு சாட்சி உண்டு. ரோஜர் மார்ட்டின் என்பவர், சுவரில் பெயருள்ள அதே மார்ட்டின் குடும்பத்தவர், கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்து 1615இல் இறந்தார். முதுமையில், தம் இளமையில் தாம் கண்ட மெல்ஃபோர்ட் ஆலயத்தை நினைவிலிருந்து எழுதிவைத்தார். உயர் பீடத்தின் பின்னே ஒரே பெருமரத்தில் செதுக்கிய கல்வாரிக் காட்சி, மாடத்தின்மேல் இருந்த இசைக்கருவி, பெரிய வியாழனன்று கல்லறையின் முன் வைக்கப்படும் மெழுகுதிரிச் சட்டம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அழகுணர்ச்சியோடு எழுதப்பட்டதன்று, வீடு எரிந்தபின் உள்ளே இருந்தவற்றைக் கணக்குச் சொல்பவரின் எழுத்து. அதனாலேயே நம்பத்தக்கது.

குருத்து ஞாயிறு பற்றி அவர் சொல்வதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நற்கருணை விதானத்தின்கீழ் ஆலயத்தை வெளியே சுற்றி வரும். கிளாப்டன் பகுதியின் வாயிலுக்கு மேலுள்ள சிறு கோபுரத்தில் ஒரு சிறுவன் இறைவாக்கினரைப் போல் நின்று, இதோ உன் அரசர் வருகிறார் என்று இலத்தீனில் பாடுவான். மக்கள் முழந்தாளிடுவர். பின்னர் சிறுவர்களிடையே பூக்களும் அப்பங்களும் வீசப்படும். ஆகவே வெளிச்சுவர் வெறும் புறத்தோற்றமன்று. அது பவனி செல்லும் பாதையின் சுவர். ஊர் முழுவதும் ஆண்டவருக்குப் பின்னே நடந்து செல்கையில் தலைக்குமேல் இறந்தோரின் பெயர்கள் உடன் சென்றன. படிக்கத் தெரியாதவர்க்கும் அவை எவருடைய வளைவுகள் என்று தெரிந்திருக்கும். எழுத்தின் உயரத்தைக் குறை சொல்பவர்கள் ஆலயத்தைத் தனியே நின்று பார்க்கும் பயணிகள். அது கூட்டமாய் நடந்து வருவோர்க்காக எழுதப்பட்டது.

1547இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், இறந்தோர்க்கான திருப்பலிக்கென விடப்பட்ட நிலங்களும் சிற்றாலயங்களும் சட்டத்தால் அரசுடைமையாயின. அதற்குக் காரணமான கோட்பாடே மூடநம்பிக்கை என்று அறிவிக்கப்பட்டது. மெல்ஃபோர்ட் ஆலயப் பொருள்கள் விற்கப்பட்ட கணக்குகள் பங்கின் ஏடுகளிலேயே உள்ளன. மாடங்களை இறக்க வேண்டுமென்ற அரசாணை 1561இல் முதலாம் எலிசபெத்திடமிருந்து வந்தது. பிறகு 1643, 1644ஆம் ஆண்டுகளில் வில்லியம் டௌசிங் என்பவர் சஃபொக்கின் ஆலயங்கள் பலவற்றுக்குச் சென்று, ஆன்மாவுக்காக மன்றாடக் கோரும் பித்தளைப் பட்டயங்களைப் பெயர்த்தெறியச் செய்தார். பட்டயத்தைப் பெயர்க்கலாம்; ஓவியத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்; சுவரோடு ஒரே மட்டமாய் இழைத்த எழுத்தைச் சுவரைச் சிதைக்காமல் நீக்குவது எளிதன்று. மெல்ஃபோர்டின் வெளிச்சுவர் இன்றும் அதே வேண்டுகோளைத் தாங்கி நிற்கிறது. உள்ளே அந்த வேண்டுகோளுக்கு விடையளித்துவந்த பீடங்கள் இல்லை.

அழிவிலும் சில தப்பின. கன்னி மரியா படுக்கையில் சாய்ந்திருக்க, ஞானியர் காணிக்கையோடு நெருங்கும் ஒரு வெண்கற் புடைப்புச் சிற்பம் 18ஆம் நூற்றாண்டில் பீடப்பகுதியின் தரைக்கடியிலிருந்து கிடைத்தது. கிளாப்டனின் சிற்றாலயக் கூரையோரத்தில் பெரி மடத்துத் துறவியான ஜான் லிட்கேட்டின் செய்யுள்கள் எழுதப்பட்டு இன்னும் உள்ளன. பழைய கோபுரம் 1710ஐ ஒட்டி மின்னலால் சேதமுற்றது. செங்கல்லால் ஒன்று கட்டினார்கள். 1903இல் நிறைவுற்ற இன்றைய கோபுரம் பாட்லி என்னும் கட்டடக் கலைஞருடையது. தேர்ந்த வேலை. பழைய பாணியின் இலக்கணம் ஒன்றையும் அவர் பிழைபடுத்தவில்லை. ஆயினும் கோபுரத்தைப் பார்த்துவிட்டு உடனே தென்புறச் சுவரைப் பார்ப்பவருக்கு, இலக்கணம் கற்றவரின் செய்யுளுக்கும் தேவை உள்ளவரின் வேண்டுதலுக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

ரோஜர் மார்ட்டின் தம் நினைவுக்குறிப்பில் இன்னொன்றையும் எழுதினார். அவர் குடும்பத்தின் பக்கக்கூடத்துப் பீடத்தில் இருந்த, இரு கள்வரிடையே அறையுண்ட ஆண்டவரின் உருவம் கொண்ட பலகை, அவர் எழுதும் வேளையில் அவர் வீட்டில் பழுதுற்றுக் கிடந்தது. தம் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு என்றேனும் ஒருநாள் மீண்டும் அதன் இடத்தில் நிறுவுவார்கள் என்று அவர் நம்பினார்.

அன்னை மரியா சிற்றாலயத்தின் கட்டமைப்பு தனியானது. நடுவே ஓர் உள்ளறை. பவனி சுற்றி வருவதற்கேற்ப நாற்புறமும் நடைவழி. பவனிகள் நின்றுபோன பின், 17ஆம் நூற்றாண்டிலிருந்து நெடுங்காலம் அது ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாயிற்று. அவர்கள் படித்த பெருக்கல் வாய்பாடு உட்சுவரில் இன்றும் உள்ளது. அதே சுவரின் வெளிப்பக்கத்தில், வில்லியம் கிளாப்டனுக்காகவும், அவருடைய இரு மனைவியர்க்காகவும், ஜானின் பிள்ளைகளுக்காகவும், அவர் கடமைப்பட்ட ஆன்மாக்கள் அனைத்துக்காகவும் மன்றாடுங்கள் என்ற வரி செல்கிறது.